விலைக்கு வந்த முதுமை

பழமையைப் போற்றுவது ஒரு குணம். பழமையாகத் தோன்ற ஆசைப்படுவது வேறொரு குணம். இரண்டுக்கும் முகச்சாயல் ஒன்றாக இருப்பதால், ஒன்றை மற்றொன்று என்று நினைத்து ஏமாந்துபோவது எளிது. சில நாட்களாக இந்த வேற்றுமையைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய தத்துவ நூல் எதுவும் என்னை இந்த யோசனையில் இறக்கிவிடவில்லை. கிதார் வாசிப்பவர்கள் காலடியில் வைத்து மிதிக்கிற ஒரு சிறு பெட்டிதான் காரணம்.

அதைப் பெடல் என்கிறார்கள். ஒரு பக்கம் கிதாரிலிருந்து வரும் ஒயர் நுழைகிறது. மறு பக்கம் ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயர் புறப்படுகிறது. பொத்தானைக் காலால் அழுத்திவிட்டு ஒரு தந்தியை மீட்டினால், அந்த நாதம் ஒருமுறை ஒலித்து ஓய்ந்துவிடுவதில்லை. கணப்பொழுது கழித்துத் திரும்பி வருகிறது. மறுபடியும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் தேய்ந்து, தெருக்கோடியில் திரும்பிப் போகிறவனின் காலடி ஓசை போல மெல்ல இல்லாமல் ஆகிறது. எதிரொலி உண்டாக்கும் பெட்டி என்று சொன்னால் போதும்.

எதிரொலியில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெட்டியின் மேல் இருக்கும் குமிழ்களின் பெயர்கள்தாம் என்னை நிறுத்தி வைத்தன. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்ட்ரைமன் என்ற கம்பெனி 2010-இல் வெளியிட்ட ‘எல் காபிஸ்டான்’ என்னும் பெடலில் ஒரு குமிழுக்கு ‘நாடாவின் வயது’ என்று பெயர். அதைத் திருகத் திருக, எதிரொலி கிழடு தட்டிக்கொண்டே போகும். இன்னொரு குமிழ், நாடா ஓடும்போது ஏற்படும் தள்ளாட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளது. ஜப்பானிய பாஸ் கம்பெனி 2022-இல் கொண்டுவந்த ஆர்.இ.-202 என்ற பெடலிலோ, புதிய நாடா வேண்டுமா, பழைய நாடா வேண்டுமா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளவே வசதி செய்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் அந்தப் பெட்டிகளுக்குள் நாடா என்று ஓர் அங்குலம்கூடக் கிடையாது! உள்ளே இருப்பவை மின்னணுச் சில்லுகளும் அவை போடுகிற கணக்குகளுமே. இல்லாத நாடாவுக்கு வயது எப்படி வந்தது? அந்த வயதைக் காசு கொடுத்து ஏன் வாங்குகிறார்கள்? இதில் பொய் ஏதேனும் இருக்கிறதா? இருந்தால், அந்தப் பொய்யினால் நஷ்டம் யாருக்கு?

இதற்குப் பதில் தேடுமுன் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிரொலி என்பது இடத்தின் சொத்து. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் தூரம் ஓடுகிறது. 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மோதித் திரும்புவதற்கு அதற்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். ஆகவே நல்ல எதிரொலி வேண்டுமானால் மலைச் சரிவுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் பெரிய மண்டபம் ஒன்று வேண்டும். பெரிய மண்டபம் பணக்காரர்களின் சௌகரியம்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் என்பவர் 1950-இல் ஆரம்பித்த ஒலிப்பதிவு நிலையத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை. சிறிய அறை. ஆனால் அவரிடம் ஆம்பெக்ஸ் கம்பெனியின் நாடாப் பதிவு யந்திரங்கள் இரண்டு இருந்தன. அந்த யந்திரத்தில் ஒலியைப் பதிகிற தலை ஓரிடத்திலும், பதிந்ததைப் படிக்கிற தலை அதற்குச் சற்றுத் தள்ளியும் இருக்கும். இடைவெளி சுமார் 2 அங்குலம் என்றும், நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், பதிந்த குரல் விநாடியில் ஏழெட்டில் ஒரு பங்கு தாமதித்துக் கேட்கும். இந்தத் தாமதித்த குரலை அசல் குரலோடு கலந்துவிட்டார் பிலிப்ஸ். 1954 ஜூலையில் பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி அந்த அறையில் பாடிய முதல் இசைத்தட்டிலேயே இந்த எதிரொலி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தத் தாமதம் உண்டாவதற்குச் சுமார் 75 அடிக்கு அப்பால் ஒரு சுவர் இருந்திருக்க வேண்டும். அந்தச் சிறிய அறையில் அப்படிப்பட்ட சுவர் ஏது? இல்லாத சுவரில் மோதித் திரும்பி வந்த குரலைத்தான் உலகம் கேட்டு மயங்கியது.

இதற்குப் பின் நடந்தது இன்னும் வேடிக்கை. எல்விஸ் வேறு கம்பெனிக்கு மாறி, 1956 ஜனவரியில் நாஷ்வில் நகரில் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ என்ற பாட்டைப் பாடினார். மெம்பிஸ் எதிரொலியைப் பிடித்துவிட வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் பிரயத்தனப்பட்டார்கள். அதற்காகக் கட்டடத்தின் நடைவழியில் ஒலியை எழுப்பி, அங்கே உண்டான நிஜமான எதிரொலியைப் பதிவில் கலந்தார்கள். நிஜத்தைப் பார்த்துப் போலி செய்வது உலக வழக்கம். இங்கே போலியைப் போல இருப்பதற்காக நிஜத்தை அழைத்துவர வேண்டியதாயிற்று!

ஆகவே, ‘பழைய காலத்து அசல் ஒலி’ என்று இன்று கண்ணில் நீர் மல்கப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். நீங்கள் அசல் என்று தொழுவது, அது பிறந்த நாளில் ஒரு சிறிய அறை போட்டுக்கொண்ட பெரிய வேஷம்.

அந்த வேஷம் விரைவிலேயே பெட்டிக்குள் அடங்கியது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ரே பட்ஸ் என்பவர், ஒலிபெருக்கிக்குள்ளேயே நாடா ஓடும்படி ஒரு கருவி செய்தார். எல்விஸோடு கிதார் வாசித்த ஸ்காட்டி மூர் 1955-இல் அதை வாங்கினார். லண்டனில் சார்லி வாட்கின்ஸ் 1958-இல் ‘காப்பிகேட்’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். பெயரைப் பாருங்கள், ‘பார்த்துச் செய்பவன்’ என்று பொருள்! மிலான் நகரத்து பின்ஸன் கம்பெனி நாடாவுக்குப் பதில் சுழலும் காந்த உருளையை வைத்தது. 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் எக்கோபிளெக்ஸ் வந்தது. ஜப்பானின் ரோலண்டு கம்பெனி 1974-இல் வெளியிட்ட ‘ஸ்பேஸ் எக்கோ’ என்ற ஆர்.இ.-201, இவற்றுள் மிகப் பெரிய புகழ் பெற்றது.

இந்த யந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. நாடா ஓட ஓடத் தேயும். தேயத் தேய, ஒலியின் கூர்மை போய் மழுங்கும். திரும்பி வந்த ஒலியையே மறுபடி பதிந்து, அதை மறுபடி திருப்பி அனுப்புவதால், ஒவ்வொரு சுற்றிலும் இரைச்சல் ஏறும். மோட்டார் ஒரே சீராகச் சுற்றாது; அதனால் சுருதி கொஞ்சம் அலையும். தலையில் தூசி படியும். அதைத் துடைக்க வேண்டும். நாடா நைந்துபோகும், அதை மாற்ற வேண்டும். செய்தவர்களுக்கு இவை பெருமை தரும் சங்கதிகளாக இருக்கவில்லை. தங்கள் கருவியிலிருந்து விரட்ட வேண்டிய நோய்களாகவே இவற்றைக் கருதினார்கள். ரோலண்டுக்காரர்கள், நாடாவைச் சக்கரத்தில் இறுக்கிச் சுற்றாமல், ஒரு தட்டையான அறைக்குள் தளர்வாக நெளிந்து கிடக்கும்படி விட்டதும் தேய்மானத்தைக் குறைப்பதற்காகத்தான்.

ஒரு நாள் நோய் தீர்ந்தே போயிற்று. 1983-இல் பாஸ் கம்பெனி டிடி-2 என்ற பெடலை வெளியிட்டது. ஒலியை எண்களாக மாற்றி நினைவில் வைத்துத் திருப்பித் தரும் முதல் காலடிப் பெட்டி அது. நாடா இல்லை, தேய்மானம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. மூன்று தலைமுறை யந்திரங்கள் கண்ட கனவு பலித்தது.

கனவு பலித்தவுடன் மனிதன் செய்வதைத்தான் இசைக்காரர்களும் செய்தார்கள். ‘எல்லாம் சரிதான்; ஆனால் ஈரம் இல்லையே’ என்றார்கள். சுத்தமாகத் திரும்பி வந்த ஒலி அவர்களுக்குச் சவுக்காரம் போட்டுக் கழுவிய ஆஸ்பத்திரித் தரை போல இருந்தது. பழைய நாடாவின் மழுங்கலையும் அலைச்சலையும் நினைத்து ஏங்கினார்கள். பொறியியல் வல்லுநர்களும், முன்னோர்கள் விரட்டிய நோயை அங்குலம் அங்குலமாக அளந்து, கணக்காக எழுதி, குமிழில் அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். முதுமை விலைக்கு வந்தது இப்படித்தான்.

இனிக் கேள்விக்கு வருவோம். இது பொய்யா?

நடுக்கம் என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதுக் கிழவரின் கை நடுங்குகிறது. அது அவர் கேட்டு வாங்கியதல்ல. வாழ்ந்து தேய்ந்த உடம்பின் கணக்கு. நாடகத்தில் கிழவர் வேஷம் போட்ட இருபது வயது நடிகனின் கையும் நடுங்குகிறது. அவனை யாரும் பொய்யன் என்று சொல்வதில்லை. மேடை என்று அவனுக்கும் தெரியும்; நமக்கும் தெரியும். நடுக்கம் உருக்கமாக இருந்தால் கை தட்டுகிறோம். மூன்றாவதாக ஒருவன், பஸ்ஸில் உட்கார இடம் பிடிப்பதற்காகக் கையை நடுக்கிக் காட்டுகிறான். அவன் பொய்யன். நடுக்கம் மூன்றிலும் ஒன்றுதான். எதிரில் இருப்பவனிடம் அதைச் சொல்லி எதைக் கேட்கிறோம் என்பதில்தான் தர்மமும் அதர்மமும் பிரிகின்றன.

இந்த நியாயப்படி பார்த்தால் பெடல் குற்றமற்றது. அது தன் தொழிலை மறைக்கவில்லை. குமிழின் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. கதை எழுதிப் பிழைக்கிற நானும் அந்த நடிகனின் கட்சிதான். நான் அடையாத துக்கத்தை என் பாத்திரத்துக்குக் கொடுத்து, உங்களைக் கண் கலங்க வைக்கிறேன். கதை என்று அட்டையில் போட்டிருக்கும் வரை அது மோசடி ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் மாலை வேளைகளில் கிதார் கற்றுக்கொள்கிறான். இந்தக் கேள்வியை அவனிடம் போட்டேன். “அந்தப் பழைய யந்திரம் இன்றைக்கு எனக்கு எட்டுகிற விலையா சார்? எட்டினாலும் ரிப்பேர் செய்ய ஆள் கிடைப்பாரா? எனக்கு அந்த ஒலி பிடித்திருக்கிறது. இது இருப்பதால் எனக்கும் அது கிடைக்கிறது. இதிலே என்ன தப்பு?” என்றான். தப்பு ஒன்றுமில்லை. அசல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களில் பலர், அசலுக்கு விலை கொடுக்க முடிந்தவர்கள். பணத்தின் கர்வம் ரசனையின் வேஷம் போட்டுக்கொண்டு வருவதுண்டு. மண்டபம் கட்ட முடியாதவனுக்கு நாடா எதிரொலி கொடுத்தது. நாடா யந்திரம் வாங்க முடியாதவனுக்குப் பெடல் கொடுக்கிறது. இது ஒரு வகையில் நீதி.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. குறையை வேண்டுமென்றே கையாள்வது எல்லாமே போலித்தனம் ஆகிவிடாது. ஜமைக்கா தீவில் லீ பெர்ரி என்ற இசைக்காரர், 1970-களில் தம் வீட்டுப் புழக்கடையில் ‘பிளாக் ஆர்க்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்தினார். அங்கே இருந்த கருவிகளுள் ஸ்பேஸ் எக்கோவும் ஒன்று. எதிரொலியின் மேல் எதிரொலியை ஏற்றி, இரைச்சலையும் மழுங்கலையும் சேர்த்தே பிசைந்து, அதுவரை யாரும் கேட்டிராத ஓர் இசை உலகத்தை அவர் உண்டாக்கினார். அவர் எந்தப் பழைய காலத்தையும் நினைத்து ஏங்கவில்லை. கையில் இருந்த யந்திரத்தின் குறையை மொழியாக்கி, தாம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். குறையைத் தேர்ந்தெடுத்தாரா, குறை தானே வந்ததா என்று அங்கே யாரும் கேட்கத் தோன்றாது. சொல்லுகிற விஷயம் இருந்தால் போதும்.

அப்படியானால் என் மனத்தில் உறுத்துவது எது?

நடுக்கத்தில் நான்காவதாக ஒருவன் இருக்கிறான். அவன் மேடையில் இல்லை, பஸ்ஸிலும் இல்லை. தன் அறையில் கண்ணாடி முன் நின்று கையை நடுக்கிப் பார்த்து, தான் நெடுநாள் வாழ்ந்தவன் என்று தனக்குத் தானே நம்பிக்கொள்கிறான். ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒருவனே. 1995-இல் அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி ‘ரெலிக்’ என்ற வரிசையில் புதுக் கிதார்களை விற்க ஆரம்பித்தது. புதிதாகச் செய்த கிதாரில் வர்ணத்தைச் சுரண்டி, உலோகத்தைக் கறுக்க வைத்து, பல வருஷங்கள் மேடை மேடையாக அடிபட்டது போலச் செய்து கொடுப்பார்கள். எங்கே முழங்கை உராயுமோ அங்கே வர்ணம் போயிருக்கும். யாருடைய முழங்கை? யாருடையதும் அல்ல. நடக்காத கச்சேரிகளின் தழும்பு அது. கையில் எடுப்பவனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கலாம். அந்தச் சந்தோஷத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் தழும்பை அணிந்துகொள்கிறவன், காயம் பட்டவனுடைய அனுபவமும் தனக்கு வந்துவிட்டதாக நினைக்கத் தொடங்கினால், அங்கே ஏதோ கோணலாகிவிடுகிறது.

பெடலின் குமிழில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தோம். மழுங்கல் இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது, தள்ளாட்டம் இருக்கிறது. நாடா கசங்கினால் ஒலி எப்படித் தடுமாறுமோ அதுகூட இருக்கிறது. என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நாடா அறுவது இல்லை. கச்சேரி நடுவே யந்திரம் மௌனமாகிவிடுவது இல்லை. மூடியைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்துத் தலையைத் துடைக்கும் வேலை இல்லை. இன்றைக்குக் கேட்ட ஒலி அடுத்த மாதம் இப்படியே இருக்காது என்ற கவலையும் இல்லை. அதன் முதுமை எந்த இடத்தில் இனிமையாக இருக்கிறதோ அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. நாளைக்குக் கூடாது, மரணத்தை நோக்கி நகராது. சலித்துவிட்டால் குமிழைத் திருப்பி ஒரே நொடியில் இளமையாக்கிவிடலாம்.

பழைய யந்திரத்தின் சொந்தக்காரனுக்கு அந்த ஒலி இலவசமாகக் கிடைக்கவில்லை. அதைப் பராமரித்தான், அதன் தொல்லைகளைச் சகித்தான். தேய்ந்த நாடாவின் குரலை அவன் நேசித்தான் என்றால், தேயத் தேயப் பக்கத்தில் இருந்தவன் என்ற உரிமை அவனுக்கு இருந்தது. முதுமையின் இனிமையும் முதுமை நம்மிடம் கேட்கும் ஊழியமும் அங்கே ஒரே பொருளில் ஒட்டிக்கொண்டிருந்தன. பெடல் அவற்றைப் பிரித்துவிட்டது. இனிமையை நமக்குக் கொடுத்து, ஊழியத்தைத் தள்ளிவிட்டது.

ஒரு கருவி இப்படிப் பிரித்துக் கொடுப்பதில் பாவம் இல்லை. சௌகரியம் என்பதே அதுதானே! ஆனால் கருவியிடம் பழகிய பழக்கம் கருவியோடு நிற்பதில்லை. நம் வீடுகளையே பாருங்கள். இடித்த பழைய வீட்டுத் தூணை விலைக்கு வாங்கிவந்து புது வீட்டு வாசலில் நிறுத்துகிறோம். பாட்டியின் கைப்பக்குவம் என்று அச்சடித்த பாக்கெட்டைப் பிரித்துக் குழம்பு வைக்கிறோம். யாரோ ஒரு முதியவர் நடுங்கும் குரலில் பாடியதை இரவில் கேட்டு மனம் கரைகிறோம். அதே இரவில் அடுத்த அறையில் நம் வீட்டு முதியவர் ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்கிறார். அதுவும் ஒரு எதிரொலிதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கித்தான் வருகிறது. ஆனால் அதற்குக் குமிழ் இல்லை. அது நம் நேரத்தைக் கேட்கிறது, பொறுமையைக் கேட்கிறது, இரவில் எழுந்து வரச் சொல்கிறது. அதற்கு நாம் சொல்லும் பதில் பெரும்பாலும், ‘எத்தனை தடவைதான் சொல்வது?’ என்பதாக இருக்கிறது.

பெடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அந்தப் பையன் அதை மிதித்து வாசிக்கட்டும். மெம்பிஸ் அறையின் இல்லாத சுவரும் ஜப்பானிய யந்திரத்தின் தேய்ந்த நாடாவும் அவன் விரலுக்கு உதவட்டும். சொல்ல வேண்டியது அவனிடம் ஏதாவது இருந்தால், அது இரவல் எதிரொலியிலும் உண்மையாகவே ஒலிக்கும். கலையில் இரவல் வாங்காதவன் யார்?

நான் கேட்டுக்கொள்வது வேறு. முதுமையின் அழகை நாம் இவ்வளவு நுட்பமாக ரசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். ஒரு நாடா எந்த வயதில் எப்படி மழுங்கும் என்று அளந்து சொல்லும் அளவுக்குக் காது தேறிவிட்டது. இவ்வளவு தேறிய காது, நிஜமாகவே தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு குரல் கூப்பிடும்போது கேளாதது போல இருந்துவிடுமானால், நாம் நேசித்தது முதுமையை அல்ல என்றுதான் ஆகும்.